பட்டாளத்துத் தாத்தாவின் பெட்டியைத் திறக்கும் முன்

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளி மெடல் இருக்கிறது. எள்ளுத் தாத்தாவுடையது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற, பாலமும் பாதையும் போடும் பட்டாளத்தில் இருந்தவர், 1882-ல் எகிப்து சண்டைக்குக் கப்பலேறிப் போய் வந்தவர். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளத்தோடு அந்த மெடலையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார் அத்தை. பளபளவென்று வரும். எல்லோருக்கும் பெருமையாக இருக்கும். விளிம்பில் வெட்டியிருந்த பெயரும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு அதில் மிச்சம் இருப்பது பெயரின் வால் மட்டும்: '...சாமி'. தமிழ்நாட்டில் பாதிப் பேர் சாமிதான்.

அத்தையைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு ட்ரங்குப் பெட்டி இருந்தால், அதில் 19-ஆம் நூற்றாண்டுப் பட்டாளத்துக்காரர் ஒருவரின் மெடலோ, பெல்ட் பக்கிளோ, பென்ஷன் பேப்பரோ கிடந்தால், முதலில் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதைப் பட்டபின் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: கேட்பது, படம் எடுப்பது, படிப்பது. கையை வைப்பது அதற்கு அப்புறம்தான்.

முதல் வேலை: பெரியவர்கள் பக்கத்தில் உட்காருவது

பெட்டி இன்னும் நூறு வருஷம் கூட இருக்கும். உங்கள் பெரியம்மா இருக்கமாட்டார். அதனால் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

"தாத்தா எந்த வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. "அவர் சேர்ந்தப்ப ஊர்ல என்ன நடந்துச்சுன்னு சொல்வாங்க?" என்று கேளுங்கள். "தாது வருஷப் பஞ்சத்துல சோத்துக்கு வழியில்லாம போய்ச் சேர்ந்தாராம்" என்று வரும். தாது வருஷம் என்றால் 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை. அறுபது வருஷச் சுற்று என்பதால் ஒரே பெயர் 1816-லும் வரும், 1936-லும் வரும். ஆனால் பஞ்சத்தோடு சேர்த்துச் சொன்னால் 1876-தான், சந்தேகமே வேண்டாம். பழைய தமிழ்க் கடிதங்களிலும் பத்திரங்களிலும் இதே கணக்குதான்: சித்திரபானு என்று போட்டிருந்தால் 1882-83 என்று பிடிக்கலாம்.

இன்னொரு நல்ல கேள்வி, பாட்டிகள் பிறந்த ஊர். மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடுதான் ஒரு கன்டோன்மென்டிலிருந்து (பட்டாளம் தங்கும் இடம்) இன்னொன்றுக்கு மாறிப் போவார்கள். ஒரு பிள்ளை பல்லாவரத்தில், அடுத்தது பெல்லாரியில், அதற்கடுத்தது செகந்திராபாத்தில் பிறந்தது என்று தெரிந்தால், ரெஜிமென்ட் போன பாதையே கிடைத்த மாதிரி. எந்த மெடலும் இதைச் சொல்லாது. ஆனால் 'ரங்கூன் போனார்' என்ற ஒன்றை மட்டும் உடனே பட்டாளக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். கூலி வேலைக்கும் வட்டித் தொழிலுக்கும் ரங்கூன் போனவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

இரண்டாவது: வைத்தது வைத்தபடி படம்

பெட்டியைத் திறந்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். மேலே என்ன, அடியில் என்ன, எதை எதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதும் சேதிதான். ஒரு மெடலும் ஒரு கடுதாசியும் ஒரே துணியில் முடிந்திருந்தால், முடிந்து வைத்தவருக்கு அது இரண்டும் ஒரே சமாச்சாரம். பிரிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, பொருள் என்ன, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, இதை யார் சொன்னார் என்று எழுதுங்கள். 'யார் சொன்னார்' என்பதை விட்டுவிடாதீர்கள். மெடலில் வெட்டியிருப்பதும் சித்தப்பா சொன்னதும் ஒரே தரத்துச் சாட்சி இல்லை. எண்ணைப் பொருளின் மேல் எழுதவோ ஸ்டிக்கர் ஒட்டவோ கூடாது. சின்ன அட்டையில் பென்சிலால் எழுதி, பருத்தி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மூன்றாவது: மெடலைப் படிப்பது

மெடலின் முகத்தில் விக்டோரியா ராணி இருப்பார். அது முக்கியமில்லை. நமக்கு வேண்டியது விளிம்பு. அந்தக் காலத்து மெடல்களில் பெரும்பாலானவற்றுக்கு விளிம்பில் பெயர், பதவி, ரெஜிமென்ட் வெட்டியிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கிட்டத்தட்ட படுக்கை வாக்கில் பிடித்து, மெடலை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போங்கள். நேர் வெளிச்சத்தில் மழுங்கிப்போன மாதிரி தெரியும் எழுத்துகூட சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் காட்டும். எங்கள் '...சாமி'யே அப்படித்தான் கிடைத்தது. ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு படம், மொத்தம் ஏழெட்டுப் படம் எடுத்தால் போதும்.

பெயரை வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. துரைமார் காதில் விழுந்தபடி எழுதிய ஸ்பெல்லிங்கைத்தான் வெட்டினார்கள். முத்துசாமி இரண்டு இரட்டை ஓ-வோடு 'மூட்டூசாமி' ஆகியிருப்பார், தம்பி 'தும்பி' ஆகியிருப்பார். அதனால் 'இது நம்ம தாத்தா பேர் இல்லையே' என்று சட்டென்று ஒதுக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது கிளாஸ்ப். ரிப்பனுக்கும் மெடலுக்கும் நடுவே குறுக்கே இருக்கும் பட்டை. மதராஸ் குடும்பங்களில் கிடைக்க வாய்ப்புள்ள சிலவற்றைச் சொல்கிறேன். சிவப்பு ரிப்பனில் இரண்டு கருநீலக் கோடு இருந்தால் அது 1854-ல் கொண்டுவந்த இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல். அதில் 'பெகு' என்றிருந்தால் 1852-53-ன் இரண்டாம் பர்மா யுத்தம், 'பர்மா 1885-7' என்றிருந்தால் தீபா மன்னரை இறக்கிய யுத்தமும் அதன் பிறகு நடந்த சண்டைகளும். ஒரே ஆள் இரண்டுக்கும் போயிருந்தால் இரண்டு மெடல் கிடையாது, ஒரே மெடலில் இரண்டு பட்டை. நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் ரிப்பன், பின்பக்கம் ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட சிலை) என்றால் எகிப்து மெடல். 'டெல்-எல்-கெபிர்' பட்டை 1882 செப்டம்பர் 13 அன்று நடந்த சண்டைக்கு. 'சுவாகின் 1885', 'டோஃப்ரெக்' பட்டைகள் சூடான் கரையில் நடந்தவற்றுக்கு. இது எல்லாவற்றிலும் மதராஸ் சாப்பர்ஸ் இருந்தார்கள்.

எகிப்து மெடலோடு ஒரு வெண்கல நட்சத்திரமும் உண்டு. எகிப்தை ஆண்ட கெதீவ் கொடுத்தது. நடுவில் ஸ்பிங்க்ஸும் பிரமிடும் இருக்கும். அதைக் கொடுக்கும்போது பெயர் வெட்டிக் கொடுக்கவில்லை. பெயரும் இல்லை, வெள்ளியும் இல்லை என்பதால் நிறைய வீடுகளில் அதைப் பொம்மை நகை என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும்தான்.

ரொம்பப் பழைய ஆட்களுக்கு வேறு கதை. 1803 முதல் 1826 வரையிலான சண்டைகளுக்கான ஆர்மி ஆஃப் இந்தியா மெடலை 1851-ல்தான் அறிவித்தார்கள், அதுவும் அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். 1803 அஸ்ஸாயே சண்டையில் இருபது வயதில் நின்றவருக்கு அப்போது அறுபத்தெட்டு. ஆகவே தாத்தா அந்தக் காலத்துச் சண்டைக்காரர், ஆனால் மெடலே இல்லை என்றால் கதை பொய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

'எங்க தாத்தா விக்டோரியா கிராஸ் வாங்கினவர்' என்ற கதையையும் அடிக்கடி கேட்கிறேன். இந்தியச் சிப்பாய்களுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கியதே 1911-ல்தான். 19-ஆம் நூற்றாண்டில் வீரத்துக்கு இந்தியர்களுக்கு இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனி 1837-ல் ஏற்படுத்திய ஆர்டர் ஆஃப் மெரிட். அதே வருஷம் வந்த ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா, நீண்ட நல்ல சேவை செய்த சுபேதார், ஜமேதார்களுக்கு. அதை வாங்கினவர் பெயரோடு 'பகதூர்' அல்லது 'சர்தார் பகதூர்' ஒட்டிக்கொள்ளும். பழைய பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் பகதூர் இருந்தால் அது வெறும் மரியாதைப் பட்டம்தானா, ஆர்டரா என்று தேடிப் பார்ப்பது வீண் போகாது.

நான்காவது: மெடலைவிட முக்கியமான பேப்பர்கள்

மெடல் ஒரு சண்டையைச் சொல்லும். ஒரு சிப்பாயின் உத்தியோகத்தில் சண்டை என்பது சில மாதம். மீதி இருபது இருபத்தைந்து வருஷம் பாரா, பரேட், இடமாற்றம், ஜுரம், பதவி உயர்வுக்குக் காத்திருத்தல். அதைச் சொல்வது டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டும் பென்ஷன் பேப்பரும்தான். அழகில்லாத காரணத்தால் முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான்.

பதவிகளை வரிசையாக எடுத்து எழுதுங்கள்: சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார். மூப்பின்படி மெல்ல ஏறும் ஏணி அது. தலை நரைத்த பிறகு சுபேதார் ஆனவர்கள்தான் அதிகம். நாயக்காக ஓய்வு பெற்றவரை 'மேஜராக இருந்தார்' என்று பேரன்கள் ஏற்றிச் சொல்வதும் உண்டு. சிரித்துக்கொண்டே திருத்தி எழுதிவிடுங்கள். பக்காளி (தண்ணீர் சுமப்பவர்), லஸ்கர் (எடுபிடி ஆள்), டூலி (காயம்பட்டவர்களைச் சுமக்கும் பல்லக்கு) தூக்குபவர் என்று இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் இல்லாமல் ஒரு பட்டாளமும் நாலு மைல் நகர்ந்ததில்லை.

ரெஜிமென்ட் எண்ணில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1824-ல் மதராஸ் ரெஜிமென்ட்களுக்கு எண்ணை மாற்றினார்கள். அதனால் அதற்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் ஒரே ரெஜிமென்ட் என்று நினைக்கக் கூடாது. 1895-ல் மதராஸ், வங்காளம், பம்பாய் என்று தனித்தனியாக இருந்த ராணுவங்களை ஒன்றாக்கினார்கள். 1903-ல் தளபதி கிச்சனர் காலத்தில் மதராஸ் காலாட்படை எண்களோடு அறுபதைக் கூட்டினார்கள். 13 என்பது '73 கர்னாடிக்' காலாட்படை ஆனது, 19 என்பது 79 ஆனது. பென்ஷன் புத்தகத்தில் 79, மெடலில் 19 என்றிருந்தால் இரண்டு ஆள் என்று பதற வேண்டாம்.

ஐந்தாவது: கையை வைப்பது

வெள்ளியை மினுக்காதீர்கள். கறுத்த வெள்ளி கெட்டுப்போன வெள்ளி இல்லை. புளி, எலுமிச்சை, விபூதி, பற்பொடி, கடையில் விற்கும் பாலிஷ் எல்லாமே ஒவ்வொரு தடவையும் ஒரு படலத்தை உரித்தெடுக்கும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். வெறுங்கையில் பிடித்தால் வியர்வை உப்பு கைரேகையாகவே பதிந்துவிடும். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரிப்பனை விட்டுவிட்டு விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். ரப்பர் பேண்டில், செய்தித்தாளில், கம்பளித் துணியில் எல்லாம் அது இருக்கிறது. ஆகவே பழைய கம்பளிக் கோட்டு கிடைத்தால், அழகாக இருக்கிறதே என்று மெடலை அதில் குத்தி வைக்காதீர்கள். நகைக்கடை ரோஸ் பேப்பரும் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். அமிலமில்லாத டிஷ்யூ பேப்பரில் சுற்றி, பாலிப்ரொப்பிலீன் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். வழவழப்பாக, புது ரெயின்கோட் வாசனை அடிக்கும் பிவிசி கவர்கள் நாளடைவில் பிசுபிசுத்து மெடலோடு ஒட்டும்.

ரிப்பன் பட்டு. துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிந்திருந்தாலும் புதிது மாற்றாதீர்கள். பெல்ட் பக்கிளில் பித்தளையும் தோலும் ஒட்டும் இடத்தில் பச்சையாக மெழுகு மாதிரி வந்திருக்கும். மூங்கில் குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டு, நடுவே ஒரு துண்டு டிஷ்யூ செருகுங்கள்.

காகிதத்துக்கு வருவோம். ரேஷன் கார்டு மாதிரி லேமினேட் செய்துவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். பேப்பரைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள். லேமினேஷன் திரும்பி வராத பாதை. செல்லோ டேப்பும் அப்படித்தான், பத்து வருஷத்தில் மஞ்சள் பட்டையாக மாறி எழுத்தையும் கூட்டிக்கொண்டு போகும். அந்தக் காலத்து மையில் இரும்பும் அமிலமும் உண்டு. எழுத்து இருக்கும் இடத்தில் காகிதம் அரித்து ஓட்டையாகியிருக்கும், மடிப்பில் நொறுங்கும். மடிப்பு பிரிய மறுத்தால் விட்டுவிடுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, அங்கே ஆலோசனை கேளுங்கள். வேப்பிலையும் வசம்பும் நம் பாட்டிகள் வழி, தப்பில்லை. ஆனால் பச்சை இலையைத் தாளுக்கு நடுவே வைத்தால் ஈரமும் கறையும் சேரும். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி ஓரத்தில் போடுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு உட்காராதீர்கள்.

கம்பளிக் கோட்டில் பூச்சி இருந்தால் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒருநாள் விட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

புகைப்படம் இருந்தால் கண்ணாடியோடு ஒட்டி ஃபிரேம் போடாதீர்கள், மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு ஊரில். பிரதி எடுத்து அதைச் சுவரில் மாட்டுங்கள். பூஜை அறையில் வைத்துச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் பிரதிக்குப் போடுங்கள். தாத்தா கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஆறாவது: ஆவணக் காப்பகம்

பெயர், ரெஜிமென்ட் எண், ஏதாவது ஒரு வருஷம். மூன்றும் கையில் இல்லாமல் போகாதீர்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் ராணுவத் துறை ஆவணங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மெடல் பட்டியல்கள் உண்டு. ஆனால் ஐரோப்பியச் சிப்பாய்க்கு இருப்பது போல நம் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் தனி ஏடு அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுபேதார், ஜமேதார் என்றால் ஆர்மி லிஸ்ட்டில் பெயர் அகப்படும்.

ஆள் அகப்படாவிட்டாலும் ரெஜிமென்ட் அகப்படும். வில்சன் என்ற ராணுவ அதிகாரி 1880-களில் பல பாகங்களாக எழுதிய மதராஸ் ராணுவ வரலாற்றில் எந்த ரெஜிமென்ட் எந்த வருஷம் எங்கே இருந்தது என்று தேடலாம். உதாரணத்துக்கு, உங்கள் பேப்பரில் 37-ஆம் ரெஜிமென்ட், 1841, சைனா என்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த வருஷம் மே மாதக் கடைசியில் கான்டனுக்குப் பக்கத்தில் சான்யுவான்லியில் கொட்டும் மழையில் அந்த ரெஜிமென்டின் ஒரு கம்பெனி (சிறு பிரிவு) தனியாக மாட்டிக்கொண்டது. சிக்கிமுக்கித் துப்பாக்கி, மருந்து நனைந்து சுடவில்லை. ஆயிரக்கணக்கான கிராமத்துக்காரர்கள் சுற்றி நிற்க, சதுரமாக அணிவகுத்துப் பயோனெட்டை நீட்டியபடி, உதவி வரும்வரை நின்றார்கள். உங்கள் தாத்தா அந்தக் கம்பெனியில் இருந்தாரா என்பதற்குச் சாட்சி வேண்டும். அது கிடைக்கும்வரை நோட்டில் 'ரெஜிமென்ட் அங்கே இருந்தது' என்று மட்டும் எழுதுங்கள்.

சட்டம், சுருக்கமாக

கத்தியைத் தோல் உறையிலிருந்து பலவந்தமாக உருவாதீர்கள். துப்பாக்கி இருந்தால், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத்து ஆயுதத்துக்கு 1959 ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் உங்களுடையது அந்த வகையா என்பதை நீங்களே தீர்மானிக்காமல் போலீஸிடம் கேட்டுவிடுங்கள். தோட்டாவோ மருந்தோ இருந்தால் தொடாமல் உடனே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பேரன் மெடலைக் கேட்பான். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருளையும், எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள ஆவணத்தையும் தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சூட்கேஸில் போட்டு அனுப்பி ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம். நல்ல படங்களும் நோட்டின் பிரதியும் அனுப்பினால் போதும்.

கடைசியாகப் பெட்டியை மூடும்போது

பாகப்பிரிவினையில் மெடல் அண்ணனுக்கு, பக்கிள் தம்பிக்கு, பேப்பர் யாருக்கும் வேண்டாம் என்று முடியும். எல்லாமே ஒருவர் வீட்டில் இருக்கட்டும், மற்றவர்களுக்குப் பிரதி என்று இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நோட்டையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

இல்லாத பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். எங்கள் பெட்டியில் மெடலுக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கவர் இருக்கிறது. அதற்குள் பென்சிலில் எழுதிய அட்டை: 'எண் 7. வெண்கல நட்சத்திரம். 1960-கள் வரை வீட்டில் இருந்தது. சின்ன மாமா நவராத்திரிக் கொலுவில் ராஜா பொம்மைக்குக் குத்தி வைத்ததாக அத்தை சொன்னார். பொம்மைப் பெட்டி இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.'